கைதட்டலை இரைச்சல் என்று நினைத்த கடை: அப்பாவின் 40 கேசட்டுகளை மாற்றிய அனுபவம்

மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே, சின்னதாக ஒரு கடை இருக்கிறது. பழைய கேசட், ஸ்பூல் டேப் எல்லாவற்றையும் கணினியில் கேட்கும்படி மாற்றித் தரும் கடை. 30 வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு தம்பி தனியாகவே எல்லா வேலையையும் பார்க்கிறார். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் தாங்காது, பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. முதல் தடவை அவர் செய்து கொடுத்த வேலை எனக்குப் பெரிய வருத்தம். இரண்டாம் தடவை செய்து கொடுத்ததற்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன். இரண்டையும் எழுதிவிடுகிறேன், கேசட்டுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் யாருக்காவது உதவும்.

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். திருமங்கலம் பக்கத்தில் நாலு குழாய் ஒலிபெருக்கி, இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு சைக்கிள், அப்புறம் ஒரு வாடகை வண்டி. கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் போவார். எந்தக் கட்சி என்று பார்த்ததில்லை. திமுக மேடையில் கட்டிய குழாயை இறக்கி மறுநாள் அதிமுக மேடையில் கட்டுவார். காங்கிரசுக்கும் கட்டுவார், கம்யூனிஸ்ட் கட்சிக்கும் கட்டுவார், தி.க. கூட்டத்துக்கும் கட்டுவார். பேச்சு நன்றாக இருக்கும் என்று தோன்றினால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் இழுத்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துவிடுவார். அப்படிச் சேர்ந்தவை 29. மாநாட்டு ஸ்டால்களில் வாங்கியதும், நண்பர்களிடம் வாங்கிப் படியெடுத்ததும் 11. ஆக 40 கேசட்டுகள், ஒரு பழைய பிஸ்கட் டின்னிலும் இரண்டு செருப்புப் பெட்டியிலும்.

கேசட்டு அட்டைகளில் அப்பா எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "மைக்கை விழுங்குகிறார், சவுண்ட் குறை." "நிறுத்தி நிறுத்திப் பேசுவார், கேசட்டை நிறுத்தாதே." "கூட்டம் சிரித்த இடம், பி பக்கம் பாதி." "இவர் கத்த மாட்டார், கடைசிக் குழாய் வரை கேட்கும்." எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய மனிதர். நான் தமிழாசிரியை, 24 வருடமாகப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். மேடைப் பேச்சைப் பற்றி அந்த அட்டைகளில் இருக்கும் அளவுக்குத் துல்லியமாக நான் இதுவரை எதையும் எழுதியதில்லை.

2019இல் அப்பா போனார். டின்னைத் திறக்க எனக்கு மனசு வரவே நாலு வருடம் ஆனது. திறந்தபோது சில கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. நாடாவை ஹெட்டோடு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் முனை) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு பல கேசட்டுகளில் உதிர்ந்து உள்ளே கிடந்தது. அவசரம் வந்துவிட்டது.

கடைத் தம்பி ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை அப்படியே ஓட்டினா அறுந்துரும் டீச்சர், கூடு மாத்தணும்" என்று பிரித்து வைத்தார். கூடு மாற்றுவது என்றால் பழைய கூட்டைக் கழற்றி, நாடாச் சுருளை மட்டும் எடுத்து, திருகு போட்ட புதுக் கூட்டுக்குள் வைப்பது. ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஹெட்டின் சாய்வைச் சரி செய்ய ஒரு சின்னத் திருகு உண்டு. அதை மயிரிழை திருப்பினால் மூடிப்போன குரல் திறந்துகொள்கிறது. அதை அவர் எனக்குச் செய்து காட்டினார். கை சுத்தம், பொறுமை, பொருளின் மேல் மரியாதை, இந்த மூன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மூன்று வாரம் கழித்துப் பென் டிரைவ் வந்தது. வீட்டுக்கு வந்து முதலில் போட்டது 9ஆம் எண். அட்டையில் அப்பா "கிணறு" என்று ஒரே சொல் எழுதியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் மட்டும் பேசிவந்த ஒரு பேச்சாளர். ஊர்க் கிணற்றில் ஆரம்பிப்பார். கிணற்றில் தண்ணீர் ஏன் இறங்கியது என்று கேட்பார். அங்கிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து அணை, அணையிலிருந்து டெல்லி. ஒவ்வொரு படியிலும் நின்று, "யார் தடுத்தது?" என்று கேட்பார். சின்ன வயதில் நான் அந்தக் கூட்டத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை கேட்டபோது நாலைந்து பேர்தான் பதில் சொன்னார்கள். டெல்லிக்கு வந்தபோது மொத்தக் கூட்டமும் சொன்னது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பென் டிரைவில் அது இல்லை. "யார் தடுத்தது?" என்று பேச்சாளர் கேட்கிறார். ஒரு துளி சத்தமில்லை. "கேட்டுச்சா?" என்கிறார். மறுபடியும் நிசப்தம். பாழடைந்த வீட்டில் ஒரு ஆள் தனியாக நின்று பேசுவது போல் இருந்தது. நடந்தது இதுதான்: கேசட்டின் இரைச்சலை நீக்கக் கடைத் தம்பி ஒரு மென்பொருளைப் போட்டிருக்கிறார். அது ஒற்றைக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. கைதட்டல், விசில், சிரிப்பு, பின்னால் அழுத குழந்தை, "வாழ்க" எல்லாம் போய்விட்டன.

இன்னொரு கேடும் நடந்திருந்தது. சத்தம் இல்லாத இடம் வந்தால் பாட்டு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு ஃபைலைத் தானாக வெட்டும் ஒரு வசதி உண்டு. பாட்டுக் கேசட்டுக்கு அது சரி. மேடைப் பேச்சில் நிறுத்தம்தான் பாதிப் பேச்சு. கலைஞர் பேச்சு என்று மாநாட்டு ஸ்டாலில் வாங்கிய கேசட்டில், "என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே" என்ற வரி தனி ஃபைலாக நின்றது. அடுத்த வாக்கியம் வேறு ஃபைல். அந்தக் கரகரத்த குரல் அந்த வரியைச் சொல்லி நிறுத்தும்போது எழும் ஆரவாரம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே கூட்டத்துக்குப் போனவர்கள் உண்டு. ஆரவாரத்தைத் துடைத்தாயிற்று. அதனால் அந்த இடம் வெறும் மௌனமாகிவிட்டது. மௌனம் வந்ததும் வெட்டியாயிற்று.

மறுநாளே போனேன். கோபமாகத்தான் போனேன். அந்தத் தம்பியிடம் 9ஆம் எண்ணைப் போடச் சொல்லி, அசல் கேசட்டையும் போடச் சொன்னேன். இரண்டையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பேச்சுதான் வேணும்னு நெனச்சேன் டீச்சர். கூட்டத்தை இரைச்சல்னு எடுத்துட்டேன்" என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. பூஞ்சை முற்றி எடுக்க முடியாமல் போன இரண்டு நீங்கலாக, 27 கேசட்டுகளுக்குத் துடைக்காத மூலப் பதிவை வைத்திருந்தார். 11 கேசட்டுகளுக்கு அழித்துவிட்டார், அவற்றை மறுபடியும் ஓட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய நாடாவை இன்னொரு தடவை ஓட்டுவது ஆபத்து. ஒன்று அறுந்தும் போனது, ஒட்டிவிட்டார், இரண்டு நொடி இழப்பு. மறுவேலைக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டாவது தடவை வந்த பென் டிரைவைக் கேட்டு முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. தினமும் ராத்திரி சமையலறையை ஒதுக்கிவிட்டு ஒரு மணி நேரம். இப்போது 9ஆம் எண்ணில் கூட்டம் இருக்கிறது. டெல்லி என்ற சொல் வரும்போது இரைச்சல் எப்படி ஏறுகிறது என்று கேட்கலாம். அந்தப் பேச்சாளர் கொள்கை என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மத்திய மாநில உறவு, அதிகாரப் பகிர்வு, எதையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருவரும் அந்தக் கொள்கையைத் தன் கிணற்றுக்குள்ளிருந்து தானே இறைத்த மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கடைசிப் பதிலைச் சொன்னது பேச்சாளர் இல்லை, அவர்கள்தான். கூட்டத்தின் சத்தத்தைத் துடைத்தால் இந்த வித்தை கண்ணில் படவே படாது.

38 கேசட்டையும் வரிசையாகக் கேட்டபோது எனக்குப் பிடிபட்ட பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு தலைவரின் கொள்கை என்ன என்று தெரிய மணிக்கணக்கில் கேட்க வேண்டியதில்லை. முதல் விளியைக் கேட்டால் போதும். கூட்டத்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே, இந்த மக்கள் யார், நான் இவர்களுக்கு யார், எங்கள் இருவருக்கும் எதிரே நிற்பவர் யார் என்ற மூன்றும் வந்துவிடுகின்றன.

பெரியார் "தோழர்களே" என்பார். அப்பாவிடம் இருந்தது 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் அவர் பேசிய கடைசிப் பேச்சின் படி. ஐந்து நாளில் இறந்துவிட்டார், வயது 94. நோயின் வலியில் நடுவில் நின்று, வலியை முனகி, மறுபடியும் தொடர்கிறார். அடுக்குமொழி கிடையாது. எதுகை மோனை தேடுவதில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வழக்குப் பேசுகிற தமிழ். மேடைத் தமிழை அலங்கரிக்க மறுத்ததே அவர் கொள்கையின் பகுதி என்று நினைக்கிறேன். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் புத்தியால் யோசித்துப் பார் என்று காலம் முழுக்கச் சொன்னவருக்கு, கேட்பவரை மயக்கும் மொழி ஒத்துவராது. தோழன் என்றால் சமம். அண்ணன் தம்பிக்கு நடுவில்கூட மூப்பு இளமை உண்டு, தோழனுக்குள் கிடையாது. துடைத்த பதிவில் அவருடைய முனகல் போயிருந்தது. திரும்பி வந்த பதிவில் அது இருக்கிறது. கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் அந்தப் பேச்சு அந்தப் பேச்சே இல்லை.

அண்ணா வந்ததும் விளி மாறுகிறது. 1949 செப்டம்பரில் திமுக பிறந்தபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்காகக் காலியாக விட்டார்கள். அமைப்பே ஒரு குடும்பம் போல் பேச ஆரம்பித்தது. அண்ணாதான் அண்ணன், தொண்டன் தம்பி. 1956இல் திருச்சி மாநாட்டில் நெடுஞ்செழியனை "தம்பி வா, தலைமை ஏற்க வா" என்று அழைத்தது இன்றைக்கும் மேடைகளில் மேற்கோள். ஒரு கட்சிப் பொறுப்பு கை மாறுவதை வீட்டுப் பொறுப்பு கை மாறுவதாகச் சொல்லிவிட்டார். சாதி சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஊரில், முன்பின் தெரியாத ஒருவனைத் தம்பி என்பது சாதாரண விஷயம் இல்லை. அதன் பின்னால் சுயமரியாதை இயக்கத்தின் கால் நூற்றாண்டு வேலை இருக்கிறது.

அண்ணாவின் அடுக்குமொழியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தேர்தல் கூட்டத்துக்குத் தாமதமாக வந்து அவர் சொன்னதாகச் சொல்லப்படும் "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களைத் தழுவுவதோ நித்திரை, மறக்காமல் இடுவீர் முத்திரை" என்ற வரி ஒவ்வொருவர் வாயிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறி வரும். என் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து எங்கேயாவது ஒட்டிவிடுவார்கள். நான் அவர்களிடம் கேட்பது, நாலு சொல்லில் அவர் என்ன செய்தார் என்று. நேரமாகிவிட்டது என்று கேட்பவன் மனசுக்குள் முணுமுணுத்ததை இவரே சொல்லிவிட்டார். தூக்கம் வருகிறதா, வரட்டும் என்று ஒத்துக்கொண்டார். கடைசியில் அவன் கையில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பினார். எதுகை அதைச் சுமந்து போக ஒரு கூடை, அவ்வளவுதான்.

அடுக்குமொழியைவிட அவருடைய உவமைகள் எனக்குப் பெரிது. இந்தியைப் பெரும்பான்மையோர் பேசுகிறார்கள், அதனால் அது ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு அவர் சொன்ன பதில் எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கைதான் கணக்கு என்றால் தேசியப் பறவை மயில் எதற்கு, காக்கைதானே அதிகம்? மயிலைத் தேசியப் பறவையாக அறிவித்ததும் 1963, ஆட்சிமொழிச் சட்டம் வந்ததும் 1963. அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டிருந்த ஒரு பறவையை எடுத்து, தில்லி செய்த முடிவையே தில்லிக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் மயிலும் காக்கையும் தெரியும்.

கேசட்டில் இல்லாத ஒரு பேச்சையும் இங்கே சேர்த்துத்தான் ஆக வேண்டும். 1962இல் மாநிலங்களவையில் அண்ணாவின் முதல் பேச்சு. ஆங்கிலத்தில் பேசினார். அங்கே தம்பி இல்லை, அவைத் தலைவர்தான். திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை கேட்ட பேச்சு அது. நான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன், அதில் பெருமைப்படுகிறேன் என்றார். உடனேயே, அதனால் நான் வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ எதிரானவன் இல்லை என்றார். மனிதன் என்றும் மனிதன்தான் என்ற பொருளில் ராபர்ட் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் வரியைச் சொன்னார். அதே கொள்கைதான். மதுரையில் பேசினால் சங்கத் தமிழ் துணைக்கு வரும். தில்லியில் பேசும்போது ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார், அவரும் பெரிய நாட்டோடு சேர்ந்த சின்ன நாட்டின் கவிஞர் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வருடம் பிரிவினைக்கு எதிரான 16ஆவது திருத்தம் வந்ததும் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார், காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லிவிட்டு. கோரிக்கை போனது, தம்பி என்ற விளி அப்படியே நின்றது. கட்சியைத் தாங்கியது அந்த விளிதான் என்பது என் எண்ணம்.

எம்.ஜி.ஆர். அதை இன்னும் நெருக்கமாக்கினார். "என் ரத்தத்தின் ரத்தமான" உடன்பிறப்புகள். 1967 ஜனவரியில் தொண்டையில் குண்டு பாய்ந்த பிறகு அவர் குரல் பழையபடி வரவில்லை. துடைத்த பதிவில் அவர் பேசுவது பாதி புரியவில்லை. மூலப் பதிவிலும் சொற்கள் பாதிதான் புரிகின்றன, ஆனால் கூட்டத்துக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்பது சத்தத்தில் தெரிகிறது. 1984 தேர்தலில் அவர் அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். இங்கே ஒரு மேடையிலும் பேசவில்லை, வென்றார். பேச்சுக்கலை கற்றுக்கொடுக்கும் எனக்கு அது ஒரு பெரிய பாடம்.

இனி எனக்கு வலித்த இடம். நான் 1972இல் பிறந்தவள். பத்து பன்னிரண்டு வயதில் அப்பாவோடு கூட்டங்களுக்குப் போவேன், வயர் சுற்ற, பேட்டரி பார்த்துக்கொள்ள. "பெரியோர்களே, தாய்மார்களே, வாலிபர்களே" என்று பேச்சாளர் ஆரம்பிப்பார். நான் பெரியவர் இல்லை, தாய் இல்லை, வாலிபரும் இல்லை. தம்பி என்றாலும் நான் இல்லை. ரத்தத்தின் ரத்தம் என்றால் இருக்கலாம், ஆனால் சொல்பவர் கண் ஆண்கள் பக்கம்தான் இருக்கும். பெண்ணாக அந்த மேடை எனக்குக் கொடுத்த ஒரே இடம் தாய்மார், அதற்கு நான் இன்னும் வளர வேண்டியிருந்தது. கம்யூனிஸ்ட் கூட்டத்தில் "தோழர்களே" என்று சொல்லும்போது மட்டும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்வேன். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை. 38 கேசட்டையும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்ததே 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு. பெயர் கொடுத்த பெண்களைக் கூப்பிடத் தாய்மார்களே என்பதைத் தாண்டி ஒரு சொல்லை மேடை ரொம்ப நாள் தேடவே இல்லை.

உறவு சொல்லிக் கூப்பிடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லோரும் ஒரே ரத்தம் என்றால், வெளியே நிற்பவன் ரத்தத்துக்கு வெளியே நிற்பவன் ஆகிவிடுகிறான். கட்சியை விட்டுப் போனவன் கருத்து மாறியவனாக இருப்பதில்லை, வீட்டுக்குத் துரோகம் செய்தவன் ஆகிறான். அப்பாவின் சொந்தப் பதிவுகளில் மூன்று கேசட்டுகள் அந்த வகை. ஒரு பேச்சாளர் எதிர்க்கட்சிப் பெண் தலைவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று இங்கே எழுத மாட்டேன். அதே மோனை, அதே நிறுத்தம், அதே "நான் கேட்கிறேன்". கூட்டம் சிரிக்கிறது. அப்பா அட்டையில் எதுவும் எழுதவில்லை, தேதி மட்டும்தான். கடைத் தம்பி அந்த மூன்றையும் தனி ஃபோல்டரில் போட்டு, "இதை அழிச்சிறவா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தச் சிரிப்பும் நம்முடையதுதான், பதிவில் இருக்கட்டும்.

ஒலி இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைக்கும்போது 1908 நினைவுக்கு வருகிறது. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் பேசிய பேச்சுக்கு ஊரே எழுந்தது. பேசியதற்காகத்தான் சிவாவுக்கு 10 வருடம். பேசியதற்கும் சிவாவுக்குத் துணை நின்றதற்கும் சேர்த்து வ.உ.சி.க்கு 40 வருடம் என்று நீதிபதி பின்ஹே தீர்ப்பு எழுதினார், பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. அந்தப் பேச்சுகள் நமக்கு எழுத்தில்தான் மிச்சம், அதிலும் போலீஸ் தரப்பு எடுத்த குறிப்பாக. எங்கே நிறுத்தினார்கள், கூட்டம் எங்கே பொங்கியது, கடைசி வரிசை வரை எப்படிக் கேட்டது, ஒன்றும் தெரியாது. குழாய் இல்லாத காலத்துப் பேச்சு அது. அப்பா இருந்திருந்தால் அட்டையில் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கடைக்கு வருகிறேன். அந்தத் தம்பியின் திறமைக்கு ஒரு உதாரணம். சில கேசட்டுகளில் பேச்சாளர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. பதிவு செய்த அன்று ரெக்கார்டர் பேட்டரி இறங்கி மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் இப்போது ஓட்டினால் வேகமாகக் கேட்கிறது. எவ்வளவு வேகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆம்ப்ளிஃபயர் கரண்டின் "ம்ம்ம்" என்ற அடி இரைச்சல் கேசட்டிலேயே பதிந்திருக்கிறது. நம் ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ். கேசட்டில் அது 53 என்று காட்டினால், 53ஐ 50க்கு இறக்கும் அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். இறக்கினார். பேச்சாளர் தன் வயதுக்குத் திரும்பிவிட்டார். முதல் தடவை அந்த அடி இரைச்சலையும் துடைத்துவிட்டதால் இதைச் செய்ய முடியாமல் போயிருந்தது.

இன்னொன்று. 17ஆம் எண் கேசட்டின் தொடக்கத்தில், கூட்டம் ஆரம்பிக்கும் முன், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு ரெண்டு மூணு" என்று அப்பா குரல். முதல் பென் டிரைவில் அது பேச்சில் சேராத பகுதி என்று வெட்டப்பட்டிருந்தது. திரும்பி வந்தபோது அந்தத் தம்பி அதற்கு "டீச்சர் அப்பா" என்று தனியாகப் பெயர் போட்டு வைத்திருந்தார், நான் சொல்லாமலே.

பள்ளிக்கூடத்தில் இப்போது இதை வைத்துத்தான் பாடம் எடுக்கிறேன். பேச்சுப் போட்டிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் பேச்சு எழுதித் தருவதை நிறுத்திவிட்டேன். ஐந்து நிமிடப் பதிவைப் போட்டு, கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்கிறேன். எங்கே ஏறுகிறது, அதற்கு முந்தைய சொல் எது, அந்தச் சொல் யாரை உள்ளே சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள்: "அவர் நாம் என்று சொன்ன இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் என்று சொன்ன இடத்தில் தட்டவில்லை." காமராஜர் பேச்சு ஒன்றையும் போட்டேன். அடுக்கு இல்லை, சின்னச் சின்ன வாக்கியங்கள், வீட்டில் பேசுவது போல. "இதுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்" என்றார்கள். மூன்று தடவை போட்ட பிறகுதான், ஒன்றுமே செய்யாத மாதிரிப் பேசுவதும் ஒரு வகை என்று அவர்களே சொன்னார்கள்.

செலவுக் கணக்கு: 60 நிமிடக் கேசட்டுக்கு 150 ரூபாய், 90 நிமிடத்துக்கு 200. என்னுடையதில் 24 சின்னது, 14 பெரியது, மொத்தம் 6,400. பென் டிரைவ் 450. பூஞ்சை முற்றிய இரண்டு 90 நிமிடக் கேசட்டுகளை எடுக்க முடியவில்லை, அதற்குக் காசு வாங்கவில்லை. கூடு மாற்றியதற்கும் தனியாகக் கேட்கவில்லை. முதல் தடவை மூன்று வாரம், மறுவேலைக்கு ஐந்து வாரம் ஆனது. கேசட் ஓடும் நேரத்துக்குத்தான் எடுக்க முடியும், ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம், அவசரப்படுத்திப் பயனில்லை.

நீங்கள் எந்த ஊர்க் கடையில் கொடுத்தாலும் கொடுக்கும்போதே மூன்று விஷயத்தைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரைச்சலை நீக்கக் கூடாது, அல்லது நீக்கியதைத் தனியாக, நீக்காததைத் தனியாகத் தர வேண்டும். மௌனம் வந்தால் வெட்டக் கூடாது, ஒரு பக்கம் முழுக்க ஒரே ஃபைலாக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டுச் சரி என்று சொல்லும் வரை மூலப் பதிவை அழிக்கக் கூடாது. சுருக்கிய எம்பி3 மட்டும் போதாது, வேவ் ஃபைலும் வாங்குங்கள், என்னுடையது எல்லாம் சேர்த்துப் பதினாலு ஜிபிதான் வந்தது. அட்டைகளைப் போட்டோ எடுத்து அந்தந்தக் கேசட் ஃபோல்டரிலேயே போடச் சொல்லுங்கள். இதை அந்தத் தம்பி இப்போது எல்லோருக்கும் தானாகவே செய்கிறார்.

அந்தப் பூஞ்சை பிடித்த இரண்டும் இன்னும் கடையில்தான் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் அப்பா "மழை, யாரும் போகவில்லை" என்று எழுதியிருக்கிறார். நாடாவைக் கையாலேயே அங்குலம் அங்குலமாகத் துடைத்துப் பார்க்கிறேன் என்று கடைத் தம்பி சொல்லியிருக்கிறார், ஆடி கழிந்து வரச் சொன்னார்.